எப்போது சூடாகிறது? பழைய கார் வைத்திருப்போருக்கு ஓர் எளிய விளக்கம்

"வண்டி ஹீட் ஆகுதுண்ணே." பழைய கார் வைத்திருப்பவர் ஒர்க்‌ஷாப் வாசலில் என்றாவது ஒருநாள் சொல்லியே தீரும் வாக்கியம் இது. இதை மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தால் மெக்கானிக்கால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மூடி, ஹோஸ், கேஸ்கெட் என்று ஏழெட்டு இடங்களில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். அவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார், பில் நம் தலையில் விழும். அதே வண்டியைப் பற்றி, "சிக்னல்ல நின்னா ஹீட் முள் ஏறுது, ஓட ஆரம்பிச்சா இறங்கிடுது" என்று சொல்லிப் பாருங்கள். பாதி நோட்டம் அங்கேயே முடிந்துவிடும். வண்டி எப்போது சூடாகிறது என்பதைக் கவனிக்கத் தெரிந்தால், எந்த உறுப்பு படுத்துகிறது என்பதைப் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே ஊகித்துவிடலாம். அதற்குத் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போகிறது. மீதிப் பங்கு எஞ்சினின் இரும்பிலும் அலுமினியத்திலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுவதுதான் கூலன்ட்டின், அதாவது எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் அல்லது தண்ணீர்க் கலவையின் வேலை. வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள பாதைகளிலும், அவற்றின் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டிலும் புகுந்து சூடேறி, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் பிரிந்து, காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்பவும் எஞ்சினுக்குப் போகிறது.

இந்தச் சுற்றில் இரண்டு சின்ன உறுப்புகளைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. ஒன்று தெர்மோஸ்டாட் வால்வு. உள்ளே மெழுகு அடைத்த ஒரு குப்பி. சூட்டில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். பல கார்களில் 82 டிகிரி அல்லது 88 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும். எண்ணை அதன் மேலேயே அடித்திருப்பார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுவதற்கு இதுதான் காரணம். எஞ்சின் சீக்கிரம் சூடாகி, 90 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும் என்பதுதான் வடிவமைத்தவர்களின் கணக்கு.

இன்னொன்று ரேடியேட்டர் மூடி. குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடியின் மேல் 0.9 என்று போட்டிருந்தால், வெளிக்காற்றைவிட 0.9 பார் கூடுதல் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது; அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மேட்டுப்பாளையம் வரை ஒழுங்காக வந்த வண்டி குன்னூர் ஏற்றத்தில் ஆவி விட்டு நிற்பதற்கு, ஏற்றத்தின் பாரத்தோடு ஒரு பழைய மூடியும் காரணமாக இருக்கலாம். சில நூறு ரூபாய்ச் சாமான்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் விரியும் தண்ணீரைப் பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு விடுவதும், ஆறியபின் அதை உறிஞ்சித் திரும்ப எடுப்பதும் இதிலுள்ள இரண்டு வால்வுகள்தான். டப்பா நிரம்பி வழிகிறது, ஆனால் காலையில் ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது என்றால் முதலில் மூடியைச் சந்தேகியுங்கள். வண்டி ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தாலும் இதே கதைதான். சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. பிளாஸ்டிக் டப்பாவின் மூடிதான் அழுத்த மூடி.

இனி கேள்விக்கு வருவோம். எப்போது சூடாகிறது?

நிற்கும்போது சூடாகி, ஓடும்போது இறங்கினால் குறை அநேகமாக ஃபேனில். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நெரிசலில் நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். அம்பாசடர் போன்ற வண்டிகளில் ஃபேன் பெல்ட்டால் ஓடும். எஞ்சின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். அந்தக் கால டிரைவர்கள் சிக்னலில் நியூட்ரலில் போட்டு லேசாக ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டு நின்றது அதனால்தான். மாருதி 800-க்குப் பிந்தைய கார்களில் பெரும்பாலும் மின்சார ஃபேன். இதைச் சோதிப்பது எளிது. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் 'விர்' என்று சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே. ரேடியேட்டரிலோ தெர்மோஸ்டாட் அருகிலோ இரண்டு வயரோடு ஒரு தெர்மல் சுவிட்ச் இருக்கும் பழைய மாடல் என்றால், அதன் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போய்விட்டது. அப்போதும் சுற்றவில்லை என்றால் மோட்டார். மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், குச்சியால் தட்டியதும் சட்டென்று ஓட ஆரம்பிக்கும். பிரஷ் மாற்றித் தர ஆட்டோ எலக்ட்ரீஷியன் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறார். புது மோட்டார் வாங்க அவசரப்பட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சில கார்களில் எஞ்சின் நின்ற பின்பும் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும். கை, துப்பட்டா, சட்டை நுனி எதுவும் அருகில் போகக்கூடாது.

ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் சூடு குறையவில்லை. அப்போது அது எந்தப் பக்கம் காற்றைத் தள்ளுகிறது என்று பாருங்கள். மோட்டார் மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். எஞ்சின் பக்கம் ஃபேன் உள்ள கார்களில் கிரில் பக்கமாக ஒரு காகிதத்தை நீட்டினால், அது ரேடியேட்டரை நோக்கி இழுக்கப்பட வேண்டும். ஃபேனைச் சுற்றிலும் ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும், ஷ்ரவுட் என்பார்கள். முன்பக்கம் இடிபட்டு டிங்கரிங் முடிந்து வந்த வண்டிகளில் இது பல சமயம் காணாமல் போயிருக்கும். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டில் இருந்து இழுத்துச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேரும் தூசி, பூச்சி, காய்ந்த இலைகளும் இதே தொந்தரவைத் தரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றும் மாலையும் கிரில்லை மறைத்துக்கொண்டிருக்க, "பூஜை போட்ட மறுநாளே ஹீட் ஆகுது" என்று வருந்துவோரும் உண்டு.

ஓடும்போது, அதுவும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடானால் காற்றில் குறை இல்லை. தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் பாதி திறந்து சிக்கியிருக்கலாம். பெல்ட் தளர்ந்து பம்ப் சறுக்கலாம். கீழ் ஹோஸ் மெத்தென்று ஆகியிருந்தால், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பம்ப்பின் உறிஞ்சலில் சப்பி, பாதையை அடைத்துவிடும். நிறுத்திப் பார்த்தால் பழையபடி இருக்கும். பம்ப்பின் உள்ளே இருக்கும் இதழ்கள் துருப்பிடித்துக் கரைந்துபோயிருப்பதும் உண்டு. பல வருடம் வெறும் தண்ணீரிலேயே ஓடிய வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம். முள் ஏறுவதோடு பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் யோசிக்கவே வேண்டாம். பல கார்களில் ஆல்டர்னேட்டரையும் பம்ப்பையும் ஓட்டுவது ஒரே பெல்ட், அது அறுந்திருக்கும். உடனே நிறுத்துங்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், அதாவது தீப்பொறி தாமதமாக விழுந்தாலும் சூடு ஏறும்.

ஏற்றத்தில் மட்டும் சூடானால் மேலே சொன்ன எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று பொருள். சமவெளியில் ரேடியேட்டரின் பாதித் திறனே போதும். கொல்லிமலையிலும் வால்பாறையிலும் முழுத்திறன் தேவைப்படும்போதுதான் அடைப்பு வெளியே தெரியும்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களுக்குள்ளேயே முள் சிவப்புக்குப் போகிறதா? மேல் ஹோஸை எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். பல கார்களில் தெர்மோஸ்டாட் மேல் ஹோஸின் முனையில்தான் இருக்கும். எஞ்சின் கொதிக்க, ஹோஸ் மட்டும் ஆறியே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிவிட்டது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த அடுத்த நிமிடமே ஹோஸ் கல் போல இறுகினால், சிலிண்டர் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது. சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. முள் சிவப்பில் நிற்க, வண்டியில் வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டால் முள்ளே பொய் சொல்லலாம். பழைய வண்டியில் சென்சாரும் அதன் எர்த் வயரும் கெடுவது சாதாரணம்.

முள்ளின் இன்னொரு பொய் ஆபத்தானது. தண்ணீர் வெகுவாகக் குறைந்துவிட்டால் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்காது, காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் குளிர்ச்சியைக் காட்டும் 'சி' பக்கம் இறங்கும். "நல்லவேளை, தானா சரியாயிடுச்சு" என்று ஓட்டிப் போனவர்களின் எஞ்சின்தான் சீஸ் ஆகிறது. ஏறிக்கொண்டிருந்த முள் காரணமே இல்லாமல் சடாரென்று விழுந்தால் மகிழ வேண்டாம், ஓரம் கட்டுங்கள்.

இப்போது ஒரு சண்டையை இழுக்கிறேன். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு? கழட்டிப் போட்டுருவோம்" என்று சொல்லாத மெக்கானிக் குறைவு. கழற்றினால் சூடு குறைந்தது போலத்தான் தெரியும். உண்மையில் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், மைலேஜ் குறையும். ஆயில் போதிய சூடாகாததால் தேய்மானமும் கூடும். வால்வு திறக்கும்போது, தண்ணீரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிடும் பைபாஸ் பாதையை அடைக்கிற மாதிரி அமைத்த எஞ்சின்களில் நிலைமை இன்னும் மோசம். வால்வு இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி எஞ்சினுக்கு வந்துவிடும். அதாவது சூட்டைக் குறைக்கக் கழற்றியது, சுமை ஏறும்போது சூட்டைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் கழற்றியதை ஒரு பழைய பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் தண்ணீரைச் சூடாக்குங்கள். கொதிப்பதற்கு முன்பே வால்வு திறக்க ஆரம்பிக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். இல்லையா, புதிதாகப் போடுங்கள். அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

அடுத்த சண்டை தண்ணீரா, கூலன்ட்டா என்பது. "ஐஸ் கட்டாத ஊர்ல கூலன்ட் எதுக்கு?" என்ற கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் உறையாமல் காக்கத்தான் முதலில் வந்தது. இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: வெப்பத்தை அள்ளுவதில் வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிடத் திறமைசாலி. ஆனால் தண்ணீருக்குத் துருவைத் தடுக்கத் தெரியாது, கொதிநிலையை உயர்த்தத் தெரியாது, பம்ப்பின் சீலைக் காப்பாற்றத் தெரியாது. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பித்தளையோ அலுமினியமோ ஒரு ரேடியேட்டர் என்று வெவ்வேறு உலோகங்கள் ஒரே தண்ணீரில் ஊறும்போது அரிப்பு வேகமாக நடக்கும். கூலன்ட்டில் சேர்த்துள்ள தடுப்பு ரசாயனங்கள் அதைக் கட்டுப்படுத்துகின்றன.

நம் ஊர்களில் பெரிய வில்லன் போர்வெல் தண்ணீர். வீட்டு ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான பரப்பில்தான் அந்தச் சுண்ணாம்பு முதலில் படியும், காருக்குள் அந்தச் சூடான பரப்பு சிலிண்டரின் சுவர். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் மெல்ல மெல்ல அடைபடும். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் கடையில் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து மூடித் தருவார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டரில் அந்த வசதி குறைவு. ஒழுகினாலோ மோசமாக அடைத்தாலோ மாற்றுவதே மேல். சென்னைக்காரர்களுக்கு இதற்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. ஆனால் ரேடியேட்டரை மட்டும் பழையதாக வாங்காதீர்கள் என்பது என் கருத்து. எந்த ஊர்த் தண்ணீர் அதில் ஓடியதோ யாருக்குத் தெரியும்?

ஆகவே கூலன்ட்டே ஊற்றுங்கள். அடர்கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும். விகிதம் காரின் கையேட்டிலும் டப்பாவிலும் இருக்கும். கலந்தே வரும் கூலன்ட்டில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக்கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். வேறு வேறு வகைகளைக் கலந்தால் சில சமயம் குழம்பாகத் திரளும். பழைய பாணிக் கூலன்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், புதிய வகைகள் ஐந்து வருடம் வரை தாங்கும். மாற்றும்போது உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்தபடி, ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் வெளியேறும். தண்ணீர் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். வண்டியின் முகம் மேடான பக்கம் இருந்தால் நல்லது.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடும் வைத்தியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது வேலை செய்யும் என்பதுதான் பிரச்சினை. தூள் ஊறிப்போய்ச் சின்ன ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். நடுவழியில் மாட்டிக்கொண்டவர் ஊர் வந்து சேர்ந்துவிடுவார். ஆனால் எது ஓட்டை, எது குழாய் என்று அந்தத் தூளுக்குத் தெரியாது. ஊர் வந்த மறுநாள் முழுவதையும் வடித்து அலசிவிட வேண்டும். கடையில் விற்கும் லீக் அடைப்பான்களுக்கும் இதே விதி.

கேஸ்கெட் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, வெளியில் எங்குமே ஒழுகாமல் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு கெட்டியான வெள்ளைப் புகை, ரேடியேட்டர் வாயில் ஓயாத குமிழி, டிப்ஸ்டிக்கில் பால் காப்பி நிறத்தில் ஆயில் ஆகியவை மற்ற அடையாளங்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிந்திருந்தால் பதற வேண்டாம்; மழைக்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் அப்படிப் படியும். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் ஒரு நீலத் திரவம் உண்டு. எரிந்த வாயு பட்டால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாகும். ஹெட்டை இறக்கச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள். இறக்கியபின் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்டிவிடாமல், ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்த்து, தேவையானால் ஃபேஸிங் போட்டு, அதாவது அடிப்பரப்பைச் சமமாகச் சீவியே மாட்டச் சொல்லுங்கள்.

வழியில் முள் ஏறினால் முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருக்கும் வண்டி என்றால் அதை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். மே மாதத்தில் உள்ளே உட்கார முடியாது, ஆனால் ஒரு பெட்ரோல் பங்க் வரைக்கும் எஞ்சினைக் காப்பாற்றும். ஹீட்டரில் சூடான காற்றுக்குப் பதில் சாதாரணக் காற்று வந்தால் உள்ளே தண்ணீரே இல்லை, உடனே அணைத்துவிடுங்கள். ஆவி தெரிந்தாலும் அப்படியே. அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் அடைபட்ட 110 டிகிரித் தண்ணீர் முகத்தில் அடித்தால் ஆஸ்பத்திரிதான். துணி சுற்றி மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள், இறுக்கம் முற்றிலும் போன பின்பே மூடியைக் கால் சுற்று திருப்பிக் காற்று போகவிட்டுத் திறக்கலாம். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மளமளவென்று ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும். ஆறியபின், எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஆகும்.

மாதம் ஒருமுறை காலையில் வண்டி ஆறியிருக்கும்போது டப்பாவின் அளவைப் பாருங்கள். ஹோஸ் முனைகளில் கிளிப் ஓரமாக வெடிப்போ வீக்கமோ இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் சொட்டோ, காய்ந்த கூலன்ட் கறையோ தெரிந்தால் சீல் கிளம்பிவிட்டது, பம்ப் கொஞ்ச நாளில் போய்விடும். டைமிங் பெல்ட்டால் பம்ப் ஓடும் கார்களில் பெல்ட் மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றிவிட்டால் இரண்டாவது முறை கூலி கொடுக்க வேண்டியதில்லை.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் விடாதீர்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். ஒரு கேனில் பிடித்து இறுக மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். எடுத்துக்கொள்ளும் வரை குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.